அடித்தல் திருத்தல் இல்லாமல்

யாங்கோன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடிக்கு ஆய்வாளர் ராஜரத்தினம் ஏப்பம் விட்டபடி ஏறி வந்தபோது சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது.

வருகைப் புத்தகத்தில் 'காலை 9.00' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கே ஆய்வுக்குப் போனாலும் அவர் எழுதுவது ஒன்பதுதான். கை தானாகவே எழுதிவிடும்.

"மன்னிச்சுக்குங்க சயாமா. எங்க அலோன் பேட்டைல தினமும் இதே கூத்து. நேத்து சாயங்காலம் போன கரண்ட் இன்னும் வரல. மோட்டார் ஓடல, சட்டைக்கு இஸ்திரி போட முடியல. அதான் லேட்டு."

"பரவால்ல சயா, உக்காருங்க" என்றார் ஹமீதுன்னிசா.

மருந்தாளுநர்களுக்குத் தடுப்பூசி போடக் கற்றுத்தரும் வகுப்பு அவருடையது; பர்மியப் பேச்சில் ஆசிரியை என்றால் 'சயாமா', ஐயா என்றால் 'சயா'. ராஜரத்தினம் அங்கீகாரம் கொடுத்தால்தான் பதினாலு பேர் தங்கள் கடைகளில் ஊசி போட முடியும். இல்லையென்றால் மூன்று மாதப் படிப்பும் வீண். பதினாலு பேரும் சுவரோரம் நின்றார்கள்.

ராஜரத்தினத்துக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. பதிவேட்டைப் புரட்டினாலே ஒரு இடத்தின் ஜாதகம் தெரிந்துவிடும் என்று வாரம் ஒருமுறை மனைவியிடம் சொல்வார். அவளும் வாரம் ஒருமுறை கொட்டாவி விடுவாள்.

தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பிரித்தார். முகம் சுளித்தது.

'5. 7. 9, ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம். 6. 14, எட்டு குப்பி வீசினோம்.' நடுநடுவே அடித்தல், திருத்தல். ஓரத்தில் யாருடைய ஈரக் கையோ பட்ட கறை.

"என்ன சயாமா இது? ரெண்டு டிகிரிலேருந்து எட்டுக்குள்ள இருக்கணும்னு பாடம் நடத்துறீங்க. உங்க ஃபிரிட்ஜே பதினாலுக்குப் போகுதே!"

"போச்சு சயா. அதான் வீசிட்டோம்."

"எங்களுக்கு முதல் பாடமே வீசுறதுதான் சயா" என்றாள் சுவரோரம் நின்ற ஸமீரா. "முதல் தடவை வீசுறப்ப அழுதுட்டேன்."

"இதுல பெருமை வேறயா? போன வாரம் எங்க தெருவுல ஒரு பயிற்சி நிலையம் பார்த்தேன். ஒரு வருஷப் பதிவேடு. காலைல நாலு, சாயங்காலம் நாலு. வருஷம் பூரா நாலு! ஒரு அடித்தல் கிடையாது, கண்ணுல ஒத்திக்கலாம். நூத்துக்கு நூறு போட்டுட்டு வந்தேன்."

பேனா 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

ஹமீதுன்னிசா மெதுவாகக் கேட்டார்: "அங்க ஜெனரேட்டர் இருக்கா சயா?"

"ஜெனரேட்டரா? சின்ன இடம் சயாமா, அதெல்லாம் ஏது? எங்க வீட்டு லைன்தான் அவங்களுக்கும். எங்களுக்குப் போனா அவங்களுக்கும்..."



குனிந்து தன் கசங்கிய சட்டையைப் பார்த்தார். யாராவது சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. வெட்கம் காது வரை ஏறியது. அந்த நாலுகளை நம்பி எத்தனை பேர் கையை நீட்டியிருப்பார்களோ!

டைரியை எடுத்து, 'நாளை அலோன், மறு ஆய்வு' என்று குறித்துக்கொண்டார். பிறகு 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டார். சுவரோரம் பதினாலு பெருமூச்சு கேட்டது.

கிளம்பும்போது வாசலில் வருகைப் புத்தகம் திறந்தே கிடந்தது. 'காலை 9.00'. அடித்தல் இல்லை, கறை இல்லை. கண்ணில் ஒத்திக்கொள்ளலாம்.

ராஜரத்தினம் சற்று நின்றார். பேனாவை எடுத்து ஒன்பதை அடித்துவிட்டு, '10.40' என்று எழுதினார்.

வழியனுப்ப வந்த ஸமீரா எட்டிப் பார்த்தாள். "பக்கத்துல காரணமும் எழுதணும் சயா. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

'கரண்ட் இல்லை' என்று எழுதினார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார்.

பிறகு அதையும் அடித்துவிட்டு எழுதினார்: 'வழியில் டீக்கடையில் மொஹிங்கா சாப்பிட்டேன். இரண்டு கிண்ணம்.'