பன்னிரண்டாவது எழுத்து

"பேச நேரமில்லம்மா, வெரசா வாங்க! பத்து மணிக்கு பிளஸ் டூ பிராக்டிகல். பன்னிரண்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணுகூட எந்திரிக்கல!"

வாசலில் பையோடு நின்ற பெண்ணின் பதிலுக்குக் காத்திராமல் லேபுக்குள் நடந்தார் செபாஸ்டின். கொடைக்கானலில் அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் அவர். மதுரை கம்பெனியிலிருந்து எட்டரைக்கு இன்ஜினீயர் வருவதாகப் பேச்சு. மணி எட்டு நாற்பது.

"சார், நான் வந்து..."

"முதல்ல இதைப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

மூடுபனி ஈரத்தில் ஹார்டு டிஸ்க்குகள் அடிக்கடி கெட்டுப்போனதால், இந்த முறை டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்களை வாங்கியிருந்தார்கள். பன்னிரண்டுக்கும் சேர்த்துப் பக்கத்து அறையில் ஒரே ஸ்டோரேஜ் பெட்டி. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் தனக்கென ஒரு முகவரி வாங்கி, பெட்டியிடம் பாஸ்வேர்டைச் சொன்ன பிறகுதான் உயிர் பெறும். புத்தகத்தைப் பார்த்து செபாஸ்டினே எல்லாவற்றையும் அமைத்திருந்தார். இரண்டு நாளாக ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு முதல் திரையின் முன் உட்கார்ந்தாள்.

"முகவரி தப்பா வருதே சார். புதுசா ரௌட்டர் எதுவும் மாட்டுனீங்களா?"

"பிரின்சிபால் ரூம்ல ஒண்ணு மாட்டுனோம்."

"அதைக் கழட்டச் சொல்லுங்க. முகவரி குடுக்குற நம்ம லேப் சர்வருக்கு முந்திக்கிட்டு அது குடுத்துருது."

கழற்றினார்கள். முகவரி சரியாக வந்தது. ஆனால் பாஸ்வேர்டு செல்லவில்லை.

"பாஸ்வேர்டு யார் வச்சது சார்?"

"நான்தாம்மா." பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினார்.

"பதினோரு எழுத்துதான் இருக்கு. இதுக்குக் குறைஞ்சது பன்னிரண்டு வேணுங்க."

ஓர் எழுத்தைக் கூட்டினாள். பெட்டியிலும், பிறகு பன்னிரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஓர் இடத்தில்கூட விரல் தடுமாறவில்லை. ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டு திரைகளும் வெளிச்சமாகின.

செபாஸ்டின் அசந்துபோனார். "பதினெட்டு வருஷமா இந்த லேப்ல கெடக்கேன். சோலியில இப்படி ஒரு சுத்தத்தைப் பாத்ததில்லம்மா! உங்க கம்பெனிக்குப் பாராட்டி லெட்டர் போடப் போறேன். உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்கு அமைய மாட்டேங்குறாங்களே!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது.

"சார், மதுரை இன்ஜினீயர் டெனிஸ் பேசுறேன். மலை ரோட்ல மரம் விழுந்து கெடக்கு. வத்தலக்குண்டுலயே நிக்குறேன். வர மத்தியானம் ஆயிரும், மன்னிச்சிருங்க."

செபாஸ்டின் போனை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்.

"அப்ப... நீங்க யாரும்மா?"

"சுமலதாங்க சார், அட்டுவம்பட்டி. இந்த லேப் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வெறும் டிப்ளமோதானேன்னு ஆளைக்கூடப் பாக்காம போன மாசம் நீங்க தள்ளிட்டீங்க. என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."