அமிர்தவல்லி மாஸ்டர்

"உம்மை இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளை அடுக்கேலாது, மாஸ்டர். இண்டையோடை வேலையை விட்டு நிண்டுகொள்ளும்."

மனேச்சர் தம்பிஐயா அன்றைய பத்திரிகையை மேசையில் ஓங்கி அடித்தார். வாத்தியார்மாரை வைப்பதும் கலைப்பதும் மனேச்சர்மாரின் கையில் இருந்த காலம் அது.

'அமிர்தவல்லி வித்தியாசாலை மாஸ்டர் குடிவகையுடன் கைது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லோரும் ரீச்சர்மார். மாஸ்டர் என்று சொல்ல இருந்தவர் பஞ்சலிங்கம் ஒருவர்தான்.

"கைது செய்த ஆள் எப்பிடி ஐயா உங்களுக்கு முன்னாலை வந்து நிக்கிறது?"

"பிணையிலை விட்டிருப்பாங்கள்."

"தேத்தண்ணியை விட வேறை தண்ணி நான் தொட்டறியன் ஐயா."

"நெருப்பில்லாமல் புகையுமே? குடிகாரனிட்டைப் பிள்ளையளை விட நான் என்ன விசரனே?"

பஞ்சலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தியைக் கேட்ட மனைவி ஞானாம்பிகை வீட்டில் காலையிலிருந்து அடுப்பே மூட்டவில்லை. இந்த வேலையும் போனால் பெண்சாதி பிள்ளைகளோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நான் ஆழ்வாப்பிள்ளை. பேப்பர் கந்தோரிலை இருந்து வாறன். இங்கிலீசுச் செய்தியளைத் தமிழாக்கிறது நான்தான். உந்தச் செய்தியிலை பெரிய பிழை விட்டுட்டன் ஐயா!"

"என்ன பிழை?"

"'மாஸ்டர் ஒஃப் அமிர்தவல்லி' எண்டுதான் இங்கிலீசிலை வந்தது. எங்கடை ஆக்களுக்கு மாஸ்டர் எண்டால் வாத்தியார்தானே! வித்தியாசாலை எண்டு நானாய்ச் சேர்த்துப்போட்டன்."

"பின்னை ஆர் அது? போஸ்ட் மாஸ்டரே, ஸ்டேசன் மாஸ்டரே?" மனேச்சர் விடுகிற மாதிரி இல்லை.

"உந்தச் சொல்லாலை எனக்கு ஒரே கரைச்சல் ஐயா. இங்கிலீசுக்காரன் எசமானையும் மாஸ்டர் எண்டுறான். மீசை முளைக்காத பொடியனையும் மாஸ்டர் எண்டுறான். கப்பலோட்டுற தண்டையலும் அவனுக்கு மாஸ்டராம்! அமிர்தவல்லி எண்டது தொண்டைமானாற்றுக்கு வந்த ஒரு வத்தை, சரக்குத் தோணி. கள்ளமாய் ஏத்தின குடிவகையோடை பிடிபட்டது அதின்ரை தண்டையல்."

"சந்நிதி முருகா!" என்று பஞ்சலிங்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, தலையில் கல்லைப் போட்ட அதே ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "நீர் நல்லாயிருப்பீர் தம்பி, நல்லாயிருப்பீர்" என்றார்.

"நாளைக்கே திருத்தம் போடுவம் மாஸ்டர். கொட்டை எழுத்திலை போடுவம்."

"அப்ப ஐயா, நான் வகுப்புக்குப் போகட்டோ?"

மனேச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. சால்வையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு எழும்பி வந்து, ஆழ்வாப்பிள்ளையின் காதுக்குக் கிட்டவாகக் குனிந்தார்.

"தம்பி, வத்தையையும் பிடிச்சிட்டாங்களோ? அப்ப எங்கடை பெட்டியளும் போச்சே?"