வென்ஸும் விதரும்

"வென்ஸ்னா எங்கேருந்து, விதர்னா எந்த இடத்துக்கு. வந்து எழுதிக்கறேன், நீ மாத்தி ஞாபகம் வெச்சுக்காதே," என்றார் அகராதிக்காரர், செருப்பில் காலை நுழைத்தபடி. "எங்கே போறீங்கன்னு நாப்பது வருஷமா தமிழ்ல கேட்டே பதிலக் காணோம், இதுல இங்கிலீஷ் வேறயா?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே இதயப் பரிசோதனைக்குப் போனவர் உயிரோடு திரும்பி வரவில்லை. இன்று இருபதாம் நாள். சன்னல் வெயில் மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பவைக்கும் பழைய ஆங்கிலச் சொற்களை அவர் ஜோடி ஜோடியாக எழுதிய அட்டைகளை வாங்கிப்போகப் பதிப்பகத்துப் பெண் வந்திருக்கிறாள். கடைசி அட்டையில் வென்ஸுக்குப் பொருள் இருக்கிறது. விதருக்கு நேரே வெறும் கோடு. "மீதிய நாங்களே எழுதிக்கறோம்மா." "கொஞ்சம் பொறும்மா. அவர் எழுத்துக்குப் பக்கத்துல வேத்துக் கை வேண்டாம்." மனைவி அவர் பேனாவை எடுத்து 'எந்த இடத்துக்கு' என்று எழுதுகிறாள். அவரைப் போலவே உதட்டைக் குவித்து, மை காயும்வரை ஊதுகிறாள். வந்தவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். அவர் போட்டுவைத்த பட்டியலில் விதருக்குக் கீழே இன்னும் ஆறு சொற்கள் பொருள் எழுதப்படாமல் அப்படியே இருக்கின்றன.