குளத்துக்குள் போன டீக்கடை

கணினி வரைபடத்தில் டீக்கடை குளத்துக்குள் போய்விட்டது. வெள்ளம் வந்த அன்று வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து, எவனோ குளத்துக்குக் கரை போட்டிருந்தான். கரைக்கோட்டுக்குள் எது இருந்தாலும் இடி என்று உத்தரவு.

நல்ல வெயிலில் பொக்லைன் வந்து நின்றது.

"அண்ணே, நான் மேட்டுல இருக்கேன். குளம் அதோ, அந்தக் கோடியில கிடக்கு," என்று கெஞ்சியது டீக்கடை.

"படத்துல நீ உள்ள இருக்கே. எனக்குப் படம்தான்."

"வேணும்னா குளத்தையே கேளுங்கண்ணே."

குளம் அங்கிருந்தே கத்தியது. "என்னை அவ்வளவு பெரிசாவா காட்டியிருக்கான்? அப்போ நான் பெரிசுதான். இத்தனை நாளும் குட்டைன்னு கேலி பண்ணினீங்களே! இடி அந்தக் கடையை!"

பொக்லைன் கையைத் தூக்கியது. அப்போது ஓர் எருமை அசைந்து வந்தது.

"குளிக்கணும். குளம் எங்கேப்பா?"

"நீ நிக்கிறதே குளத்துக்குள்ளதான்," என்றது பொக்லைன்.

"அப்படியா, சரி." எருமை கடைக்கும் பொக்லைனுக்கும் நடுவில் படுத்துப் புரண்டது. புழுதிதான் பறந்தது.

"ஏண்டா, வால்கூட நனையலையே?"

"படத்துல தண்ணி இருக்கு."

"அப்போ வரட்டும். நனையாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

பொக்லைன் ஹாரன் அடித்துப் பார்த்தது. எருமை காதை மட்டும் ஆட்டியது. உச்சிவெயில் ஏறியதும் எஞ்சின் கொதித்துவிட்டது. வேறு வழியில்லாமல் பொக்லைன் ஆபீசுக்குப் போன் போட்டு, கரைக்கோட்டை அழித்துத் தண்ணீர் இருக்கிற இடத்தில் போடச் சொன்னது.

டீக்கடை இப்போது கரைக்கு வெளியே இருக்கிறது. குளம் யாரோடும் பேசுவதில்லை. அந்த வரைபடத்தைத் திருத்தியது எருமை.