223223 பகா எண்

அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். பார்க்கத்தான் இல்லை.

தலையில் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். காலையில் டாக்டர் வந்து, பேர் என்ன என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டி, இது யார் என்று கேட்டார். அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடாமல் பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கொடுத்துப் பார்த்தான். மகள் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதைச் சொன்னான். மோட்டார் ரிப்பேரானதைச் சொன்னான். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் பேசிப் பேசியே சேலை விற்கிறவன். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இனி இவளுக்குத் தன்னை அடையாளமே தெரியாதோ என்று பயந்தான்.

அப்போதுதான் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தான்.

நோயாளி எண் 223223.

அவள் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் போதும், முன்னால் போகிற வண்டி எண்ணையெல்லாம் காரணி காரணியாகப் பிரித்துப் போட்டுவிடுவாள். இவனும் சும்மா இருக்க மாட்டான். இரண்டால் போகாது, மூன்றால் போகாது என்றதும் அவசரப்பட்டு, பகா எண் என்று அறிவித்துவிடுவான். முதுகில் அடி விழும். தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா வர முடியாது.

மருந்துச் சீட்டைத் திருப்பி வகுக்க ஆரம்பித்தான். மூன்றால் போகவில்லை. ஏழால் போயிற்று. வந்த ஈவு பதினொன்றால் போயிற்று. பதிமூன்றைப் பிடிக்க அரை மணி நேரமாயிற்று. கடைசியில் 223 நின்றது. அது எதற்கும் மசியவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக ஓர் எண்ணை முழுசாகப் பிரித்திருந்தான்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தான்.

"வல்லி, ஒன் நம்பரப் பாத்தேன். 223223. பகா எண்."

அவள் கண் மின்விசிறியிலேயே இருந்தது.

"சந்தேகமே இல்லட்டி. பகா எண்ணேதான்."

அவள் புருவம் சுருங்கியது.



"ஏழு." குரல் கரகரத்தது. "ஏழால... போகும்."

"போகாது." வேண்டுமென்றே வம்புக்கு நின்றான்.

"போகும். பதினொண்ணாலயும். பதிமூணாலயும்." நாக்கு தடுமாறியது. எரிச்சல் தடுமாறவில்லை. "அதே மூணு இலக்கம்... ரெண்டு தடவ வந்தா, இந்த மூணாலயும் போகும்லா."

குரல் கேட்டு நர்ஸ் ஓடி வந்தாள்.

"அம்மா, இவர் யாருன்னு தெரியுதா?"

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவன் முகத்தில் அவள் பார்வை நெடுநேரம் நின்றது.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள். பிறகு நர்ஸிடம் குரலைத் தாழ்த்தி, "பாவம். கணக்கு வராது."

அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"ஆமா சிஸ்டர்" என்றான். "சுத்தமா வராது."