நடுவில் போகாத கோடு

ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி அக்கா ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். திரையில் நான் கணினியில் உருவாக்கிய ஒரு வைரஸின் புரத உறை, முனைகள் துருத்திய பந்தாக, மெல்லச் சுழல்கிறது. அதன் விட்டம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் காட்டிய முப்பது நானோமீட்டரோடு ஒத்துப்போனால்தான் என் படம் ஆய்வுக் கட்டுரையில் சேரும். காலையிலிருந்து எனக்கு இருபத்தைந்தரைதான் வருகிறது. கேட்கக் கூச்சப்பட்டு இப்போதுதான் அக்காவிடம் வாய் திறந்திருக்கிறேன்.

“பந்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பு.”

திருப்புகிறேன். எதிரெதிர் முனைகள் என்று நம்பி நான் குறித்த இரண்டுக்கும் இடையே மஞ்சள் புள்ளிக்கோடு, மையத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது.

“இடுப்பளவு கேட்டா தோளளவு எடுத்து வச்சிருக்கியே, டெய்லரம்மா.”

“முன்னாடியிருந்து பார்த்தா நேராத்தான்க்கா இருந்துச்சு.”

“முன்னாடியிருந்து பார்த்தா நான்கூட ஒல்லிதான்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்து முனையைச் சொடுக்குகிறேன். கோடு நட்டநடுவே பாய்கிறது. முப்பது. அக்கா அட்டையைப் போட்டுவிட்டு, தன் கணினியில் கட்டுரையைத் திறந்து என் படத்துக்கு இடம் ஒதுக்குகிறார். தடுக்க ஆளில்லாத வெயில் திரை முழுக்கப் பரவுகிறது. பந்து வெளிறிப் போகிறது, கோடும் மறைகிறது. அந்த எண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. நான் அட்டையை எடுக்கவில்லை.