அநாதைப் பொதி

பதினான்கு நாட்கள் ஆகியும் கருணாகரனிடமிருந்து பதில் வரவில்லை.

லினக்ஸ் தன்னார்வலர் குழுவின் விதி அதற்குமேல் காத்திருக்காது. லினக்ஸ் கணினிகளில் நிறுவுவதற்காக ஒரு மென்பொருளைப் பொதியாகக் கட்டித் தந்தவர், இரண்டு வாரம் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதாவிட்டால் அந்தப் பொதி அநாதை.

ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். குழுவினர் தமிழிலும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

அநாதையை யாரும் தத்தெடுக்கலாம். பழைய பெயர் போய், எடுத்தவரின் பெயர் அதன்மேல் ஏறும். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த வெளியீட்டில் அது இருக்காது.

சரண்யாவுக்கு அது வேண்டும்.

இயற்பியல் முடித்த நாளிலிருந்து மற்றவர்கள் கட்டிய பொதிகளில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறாள். எதிலும் அவள் பெயர் கிடையாது. நாளை நந்தனத்தில் நேர்முகத் தேர்வின் கடைசிச் சுற்று. போன சுற்றிலேயே கேட்டுவிட்டார்கள், உங்கள் பெயரில் ஒரு பொதியாவது இருக்கிறதா என்று. அடுத்த முறை காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இன்று பெயர் ஏறினால் நாளை காட்டலாம்.

ஞாயிறு காலைக் கூட்டம். ஆதம்பாக்கம் வீட்டில் இருப்பது ஒரே அறை. சரண்யா இயர்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினி முன் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, தி.நகர் கடையிலிருந்து வந்த புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள் அம்மா சுந்தரவல்லி.

எதிர்முனையில் பேசுவது அம்மாவுக்குக் கேட்காது. சரண்யா கூட்டங்களில் பேசியதே இல்லை. வாயைத் திறந்து பேசுகிறவளுக்குத்தான் வேலை கிடைக்கும் என்று காபி கொடுக்கும்போதுதான் அம்மா சொன்னாள்.

"அடுத்து, கருணாகரனோட எழுத்துப்பிழை திருத்தி," என்றான் கூட்டத்தை நடத்தும் சுஹாஸ். "யாராவது எடுக்கறீங்களா? இல்ல தூக்கிடலாமா?"

"தூக்கிடு மச்சி," என்றான் தல்ஹா. "அது தப்பைத் திருத்தறதே இல்ல. 'அம்மா'ன்னு அடிச்சாக்கூட சிவப்புக் கோடு போடுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சரண்யா மைக்கைத் திறந்தாள்.

"நான் எடுத்துக்கறேன்."

பேசியது யாரென்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை.

"சரண்யாவா! உனக்கு வாய் கீதா?" என்றான் தல்ஹா. "எவ்ளோ பொதி கெடக்குது. நல்லதா ஒண்ணு பாத்து எடுக்கறதுதானே?"

"நல்லதையெல்லாம் மத்தவங்க முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இதுதான்."

அம்மாவின் ஊசி நின்றது. சரண்யா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுஹாஸ் இழுத்தான். "தத்து கொடுக்கறதுக்கு முன்னாடி அநாதைன்னு எல்லாருக்கும் அறிவிக்கணும். பாவம், அந்த மனுஷன் கஷ்டப்பட்டுக் கட்டினது. இன்னும் ஒரு மாசம் சும்மா விட்டு வைப்போமே."

ஒரு மாதம் கழித்து அந்த வேலை இருக்காது.

"அநாதைன்னா அநாதைன்னு சொல்லிடணும்," என்றாள். "எத்தனை நாளைக்கு மூடி மறைப்பீங்க?"

குரல் உயர்ந்துவிட்டது. தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. பிடித்திருந்தது.

"நாளைக்கு அவர் திரும்பி வந்து கேட்டா?"

"பெத்துப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காதவங்க எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பாங்க? பேரை மாத்திட்டா முடிஞ்சது. யாரு பெத்ததுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

தல்ஹா விசிலடித்தான். "சுஹாஸு, குடுத்துடு நைனா. இல்லேன்னா உன்னையும் அநாதை ஆக்கிடும் இந்தப் பொண்ணு."

இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது.

"சரி, உங்களுக்கே," என்றான் சுஹாஸ். "இப்பவே ஏத்திடறேன். மைக்கை மூடாதீங்க. இனிஷியலோட முழுப் பேரைச் சொல்லுங்க."

சரண்யா வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டாள். பாதி தைத்த புடவை காலோடு இழுபட்டு வந்தது. மகளின் ஒரு காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள்.

"யாருடி சொன்னா? எதிர் வீட்டு தாயம்மாதானே?"

"என்னம்மா? நான் கம்ப்யூட்டர் விஷயமா..."

"இன்னாடி விஷயம்? மூடி மறைச்சேன், பேரை மாத்தினேன்னு ஊரைக் கூட்டி வச்சு என் மானத்தை வாங்கிக்கினு கீற. கையைக் குத்திக்கினு ராத்திரி பகலா தைச்சுப் படிக்க வச்சதுக்கு இதுவாடி?"

"அம்மா, மைக் திறந்திருக்கு."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் வெளியேறவும் இல்லை.

அம்மா திரையைப் பார்த்தே சொன்னாள், சத்தமாக.

"ஆமா, நான் இவளைப் பெக்கல. இவளுக்கோசரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்ல. இவகூடப் பொறந்தானே, அந்தப் பையனைக் கேட்டுத்தான் போனேன். நாங்க போறதுக்குள்ள அவனை வேற யாரோ வாங்கிக்கினு போயிட்டாங்க. வெறுங்கையோட வீட்டுக்கு வர வேணாமேன்னு இவளைத் தூக்கிக்கினு வந்தேன்."